ஆல்பத்தில் இல்லாதவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த டைரி சிமெண்டுக் கடையில் என் மகன் கதிரேசனுக்குக் கொடுத்தது. பேத்தி தர்ஷினி அதன் அட்டையில் ‘வெள்ளத்தாய், சமையல் காண்ட்ராக்டர், போடி’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி என் மடியில் போட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் பேசுகிற பெண், “மனசுல ஓடுறதை எழுதுங்க பாட்டி, பாரம் குறையும்” என்று சொன்னதன் விளைவு இது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நான் எழுதிய சிட்டையைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் ஒருநாளும் சந்தேகம் கேட்டதில்லை. ஊரே சாப்பிடுகிற கல்யாணத்துக்குச் சிட்டை போட்ட கை இது.

ரிசல்ட் வந்துவிட்டது. என் சிறுநீரகம் மருமகள் சுகந்திக்குப் பொருந்துகிறதாம். “இந்த வயசுல சுகர் இல்ல, பிரஷர் இல்ல, எப்படிம்மா?” என்று டாக்டர் கேட்டார். “காலமெல்லாம் அடுப்பு முன்னாடி நிக்கிறவ சார். அந்தச் சூட்டுல எந்த வியாதி கிட்ட வரும்?” என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். கதிரேசன் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சுகந்திக்கு இன்று டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள். வந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கிறாள். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண். தண்ணீர் கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தர்ஷினி அம்மா முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை, சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று குடிக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

கதிரேசனுக்குச் சர்க்கரை, அவன் கொடுக்க முடியாது. சுகந்திக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்மாவும் இல்லை, அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்கலாம் என்றார்கள். எத்தனை காலம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் அப்போது சுகந்திக்குக் காய்கறி வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய், “என்னோடதைப் பாருங்க” என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

காதுகுத்து வீட்டில் கறிவிருந்து. கிடாய்க் குண்டிக்காய்களைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார்கள். டாக்டர் சிறுநீரகம் என்பதை அடுப்படியில் குண்டிக்காய் என்போம். அதைச் சுத்தம் செய்வது எப்போதும் நான்தான். கத்தியை வைத்து ஒன்றை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு. சின்னதாக, வழவழவென்று, கைக்குள் அடங்குகிறது.

கத்தி நழுவிக் கீழே விழுந்தது.

என்னிடம் நெடுநாளாக இருக்கிற மாஸ்டர் பொன்னுராமு ஓடி வந்தான். “என்னக்கா, மயக்கமா?”

“வெயிலுடா. நீ பாரு இதை.”

“பந்தல்ல ஏதுக்கா வெயிலு?”

“வேலையைப் பாருடா.”

பிப்ரவரி 9, திங்கள்

அம்மன் கோயில் அன்னதான மண்டபத்தில் கல் பதிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக எனக்கு ஆசை. ‘உபயம்: வெள்ளத்தாய்’ என்று பளிங்கில். இன்று கல் வெட்டுகிறவர் போனில், “வாசகம் சொல்லுங்கம்மா, ஆரம்பிச்சிடலாம்” என்றார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஏன் அந்த ஆசை என்று எழுதுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க ஆக்கிப் போட்டேன். சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டார்கள், கை கழுவினார்கள், மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனார்கள். என் உழைப்பெல்லாம் போன இடம் அதுதான். தச்சன் கதவை விட்டுப் போகிறான், கொத்தன் சுவரை விட்டுப் போகிறான். நான் போனால் என்ன இருக்கும்? அண்டாதான் இருக்கும். அதிலும் கடைக்காரன் பெயர்தான் வெட்டியிருக்கும்.

மயக்க ஊசி போட்டால் சிலர் எழுந்திருப்பதே இல்லையாமே. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

நான் சுகந்திக்குச் சொந்தம் இல்லையாம்!

ஆஸ்பத்திரியில் இந்த வேலைகளைப் பார்க்கிற கோஆர்டினேட்டர் தம்பி சொன்னார். “அம்மா, அப்பா, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, புருசன் பொண்டாட்டி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க. சட்டத்துல நெருங்கின சொந்தம்னா இவ்வளவுதாம்மா. மாமியார் வர மாட்டாங்க.”

“அப்ப நான் யாரு? ரோட்டுல போறவளா?”

“கோவப்படாதீங்கம்மா. சென்னையில கமிட்டி இருக்கு. பாசத்துலதான் குடுக்கிறீங்க, விலைக்குக் குடுக்கலைன்னு அவங்க நம்பணும். ரேஷன் கார்டு, தாசில்தார் சர்டிபிகேட் எல்லாம் ரெடி பண்ணுங்க. முக்கியமா கல்யாண ஆல்பம். நீங்களும் மருமகளும் சேர்ந்து நிக்கிற போட்டோ.”

வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் தரையில் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். கதிரேசன் தாலி கட்டுகிறான். சுகந்தி குனிந்திருக்கிறாள். கதிரேசனுக்குப் பக்கத்தில், தாய் நிற்க வேண்டிய இடத்தில், என் கொழுந்தன் பெண்சாதி சரசு நிற்கிறாள். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கிரகப்பிரவேச ஆல்பம், வளைகாப்பு, தர்ஷினியின் முதல் பிறந்தநாள் எல்லாம் பார்த்தோம்.

“அப்பத்தா, நீங்க எங்க?” என்றாள் தர்ஷினி.

ஒரே ஒரு படத்தில் சாம்பார் வாளியைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. எண்ணெய் சுட்ட தழும்பை வைத்து அது என் கைதான் என்று காட்டினேன்.

“கையைக் காட்டி கமிட்டிக்காரங்களை நம்ப வைக்க முடியுமாம்மா?” என்றான் கதிரேசன். சுகந்தி ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று எனக்கு ஒழிவில்லை. சொந்த மகன் கல்யாணத்துச் சாப்பாட்டை வேறு ஆளிடம் கொடுக்க முடியுமா? சரசுவை நிற்கச் சொன்னதே நான்தான். தாலி கட்டும்போது நான் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

சோற்றில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். அதுவும் நான்.

பிப்ரவரி 16, திங்கள்

ஸ்டுடியோ பாஸ்கரிடம் கதிரேசன் அழைத்துப் போனான். செத்துப் போன அப்பா அம்மாவைக் கல்யாணப் படத்தில் சேர்த்துக் கொடுப்பதில் இந்தப் பக்கம் பாஸ்கருக்குத்தான் பெயர். “இல்லாதவங்களையே தத்ரூபமா நிக்க வச்சிருக்கேன், உசுரோட இருக்கிற உங்களை நிக்க வைக்க மாட்டேனா?” என்றான்.

இது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நேற்று சுகந்தியால் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டி உட்கார்ந்தே இருந்தாள். அதை நினைத்துக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றேன். அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். அது கதிரேசன் கல்யாணத்துக்கு எடுத்தது. அன்று காலையில் கொஞ்ச நேரம் கட்டிக் கழற்றி வைத்தேன், பிறகு கட்டவே இல்லை. கரை அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் படம் வந்தது. சரசு இருந்த இடத்தில் நான் நிற்கிறேன். பாஸ்கர் அவனாகவே எனக்குப் பெரிய பொட்டு வைத்து, தலை நிறைய மல்லிகைப் பூவும் வைத்துவிட்டான். மாப்பிள்ளைக்கு அம்மா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தானாம். பதினாறு வருடம் ஆகிறது நான் பூ வைத்து.

“எடுக்கச் சொல்லவாம்மா?” என்றான் கதிரேசன்.

“நேரம் இல்ல. இருக்கட்டும்” என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

சென்னை.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வீடியோ ஓடுகிறது. யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா, மகன் மிரட்டினானா என்று கேட்டார்கள். இல்லை இல்லை என்று சொன்னேன். பிறகு அந்த அம்மா படத்தை எடுத்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

“கல்யாணம் ஆகி பதினோரு வருசமா?”

“ஆமாங்கம்மா.”

“அன்னைக்கும் இதே சேலையா?”

குனிந்து பார்த்தேன். அரக்குப் பட்டு. என்னிடம் இருக்கிற ஒரே நல்ல பட்டு, அதைத்தான் கட்டிப் போயிருந்தேன். ‘ஆமாம், இதே சேலைதான்’ என்பது சத்தியமான பதில். வாய் வரவில்லை.

“அன்னைக்கும் இதே நரையா?”

பக்கத்தில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டினார். “அஞ்சாவது படிச்சிருக்கீங்க. சமையல் வேலை. இவங்க வீட்டுக்குச் சமைக்க வந்த ஆளாம்மா நீங்க?”

என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கதிரேசனை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொய் ஆதாரத்துக்குப் போலீஸ் கேஸ்கூடப் போடலாமாம். கடைசியில் அந்த அம்மாதான் இன்னொரு தேதி கொடுத்தார்கள். “நெஜமா இவங்க உங்க அம்மான்னா, நெஜமான ஏதாவது ஒண்ணு வீட்டுல இருக்குமே. அதைக் கொண்டாங்க.”

ரயிலில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நிஜமான ஒன்று. அண்டா இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

சுகந்தியை மதுரையில் சேர்த்துவிட்டோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கண்ணைத் திறந்தாள். “அத்தை, ஒண்ணு கேக்கட்டா? எனக்கு ஏன் குடுக்கிறீங்க? உங்களுக்குத்தான் என்னையப் புடிக்காதே.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? என் கல்யாணத்துல மேடைக்கே வரலையே நீங்க. எங்கம்மா சாகிற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதுச்சு. சம்பந்தியம்மாவுக்கு நம்மளப் புடிக்கலடின்னு.”

“பந்தி இருந்துச்சு தாயி” என்றேன்.

“பந்தி” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு வாங்கும்போது முதுகு முழுவதும் ஏறி இறங்குகிறது. இந்தப் பெண் என்னிடம் கோபத்தோடு போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன். கத்திக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

மார்ச் 5, வியாழன்

சுகந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை இப்படி ஆனால் கஷ்டம் என்று டாக்டர் கதிரேசனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் என்னிடம் சொல்லவில்லை, முகம் சொன்னது.

கல்யாண வீடியோ சிடியை தர்ஷினி பீரோவிலிருந்து தேடி எடுத்தாள். படுத்தே கிடக்கிற அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று போட்டிருக்கிறாள். கல்யாண வீடியோவில் பந்தியோ கூட்டமோ வந்தால் எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். வாய் நிறையச் சோறு இருக்கும்போது முகத்தில் லைட் அடித்து எடுத்ததை யார் பார்ப்பது? சுகந்தி ஓட்டவில்லை.

நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். “அத்தை” என்று கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று கரண்டியோடு ஓடினேன்.

டிவியில் நான் நின்றேன்.

மேடைப் படிக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டு கட்டி, அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு. கறுத்த தலை. சரசு வருகிறாள். என் காதில் ஏதோ சொல்கிறாள். முழங்கையைத் தொட்டு மெல்ல நகர்த்துகிறாள். மேளச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நான் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் படத்தை விட்டுப் போகிறேன்.

“இருங்க, இன்னும் இருக்கு” என்றாள் சுகந்தி.

கெட்டிமேளம். கேமரா மேடையிலிருந்து திரும்பி மண்டபத்தைச் சுற்றி வருகிறது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். கடைக்கோடியில் சமையல்கட்டு வாசல். அங்கே பழைய நூல் சேலையோடு, தோளில் துண்டோடு ஒருத்தி நிற்கிறாள். மூட்டையிலிருந்து அள்ளிய வெறும் அரிசி இரண்டு கை நிறைய. மேடையைப் பார்த்து வீசுகிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிப் போய்ச் சேரும்? பாதி வழியிலேயே தரையில் விழுகிறது. மறுபடி அள்ளி வீசுகிறாள். முகத்தைத் துண்டால் துடைக்கிறாள்.

தர்ஷினி, “அப்பத்தா அழுவுறீங்க” என்றாள்.

“புகைடி” என்றேன்.

சுகந்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “சின்னத்தை உங்க காதுல என்ன சொன்னாங்க?”

“சாம்பார் அடிப்புடிக்குதுன்னு சொன்னா.”

அடுப்பில் தாளிப்பு கருகிப்போன வாசனை வந்தது. ஓடிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

சென்னை. இரண்டாம் முறை. வாசலில் காத்திருந்தபோது மூன்று தடவை பாத்ரூம் போனேன்.

நூல் சேலைதான் கட்டியிருந்தேன். பட்டைப் பையில் மடித்துக் கொண்டுபோனேன். கதிரேசன் கல்யாண வீடியோவை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். அந்த அம்மா சரசு வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.

“அப்ப சேலை நெஜந்தானா?”

“ஆமாங்கம்மா. சேலை அன்னைக்கும் இதேதான். தலைதான் நரைக்கல.” பட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இவங்க உங்ககிட்ட என்ன சொல்றாங்க?”

சுகந்தி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சாம்பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு பொய்யால் போன தடவை பட்டது கண்முன் வந்தது. இன்னொரு பொய்யைப் பிடித்துவிட்டால் இந்தப் பெண்ணின் கதி?

“தாலி இல்லாதவ மேடையில நிக்க வேண்டாம், நல்ல காரியம், நீங்க பந்தியப் பாருங்கக்கான்னு சொன்னா.”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்ல? அவ சொன்னதும் ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே. என்னால அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதுன்னு எனக்கும் பயம். போய்ச் சேலையை மாத்திக்கிட்டு அடுப்படியில நின்னேன். அப்புறம் எல்லா விசேசத்துக்கும் முன்கூட்டியே அடுப்படிக்குப் போயிருவேன். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல பாருங்க.”

சுகந்தி என் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. டயாலிசிஸ் ஊசி ஏறுகிற அந்தக் கையில் பாரமோ அழுத்தமோ விழக் கூடாது. “விடு, ரத்தக்குழாய்க்கு ஆகாது” என்றேன். விடவில்லை.

அந்த அம்மா வெகுநேரம் எழுதினார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

நாளை காலை ஆபரேஷன். கம்மலைக் கழற்றிக் கதிரேசனிடம் கொடுத்துவிட்டேன். காது லேசாக இருக்கிறது. வயிற்றின் இடதுபக்கம் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறார்கள். கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி.

பொன்னுராமு பார்க்க வந்தான். “சித்திரையில மூணு முகூர்த்தம் புடிச்சிருக்கு. எந்திரிச்சு வந்துருங்கக்கா” என்று சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினான். “நான் வரலைன்னா மொளகாய்த்தூளைக் கொட்டிராதடா” என்றேன்.

“கோயில் கல்லுல என்னம்மா எழுதச் சொல்லட்டும்?” என்று கேட்டான் கதிரேசன். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்துத்தான் கேட்கிறான், பாவம், கேட்டுவிட்டு அவனே வெளியே போய்விட்டான்.

சுகந்தி பக்கத்து அறையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தாள். “பயமா இருக்கா அத்தை?” என்றாள்.

“எனக்கா?” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு நான் சொன்னேன், அவளிடம் மட்டும். “வயித்துக்குள்ள அம்மி ஓடுது தாயி. இப்ப எந்திரிச்சு பஸ் ஏறிரலாமான்னு இருக்கு.”

“எனக்கும்தான். ரெண்டு பேரும் போயிரலாமா?”

“போனா உன் மக என்னைய விடுவாளா?”

எழுத்துக் கோணுகிறது. இதோடு நிறுத்துகிறேன். நாளை மறுநாள் இதில் எழுத்து இல்லையென்றால்

மார்ச் 27, வெள்ளி

இருக்கிறேன்.

இருமினால் உயிர் போகிறது. சிரித்தால் அதைவிட. முதல் இரண்டு நாள் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கண் விழித்ததும் ‘சுகந்தி’ என்றுதான் கேட்டேனாம். பக்கத்தில் இருந்த நர்ஸ் என் காதருகே குனிந்து, “பாட்டி, தியேட்டர்லயே உங்க மருமகளுக்கு யூரின் வந்துருச்சு. நல்லாப் போகுது” என்றாள்.

என் கையால் இத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். ‘பாயசம் அமிர்தம்’ என்றிருக்கிறார்கள், ‘இந்த மாதிரி சாம்பார் சாப்பிட்டதில்லை’ என்றிருக்கிறார்கள். ஒருவர் ஒன்றுக்குப் போனார் என்று சொல்லி என்னை யாரும் அழ வைத்ததில்லை.

இன்று கதிரேசன் முகமூடியோடு வந்தான். சுகந்தியைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள், நான் போகக் கூடாது. உடம்பு என்னுடையதை வேண்டாம் என்று தள்ளிவிடலாமாம், முதல் மாதங்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டுமாம். பயம் போய்விடும் என்று நினைத்தேன். முன்பு ஒரு கட்டிலில் கிடந்த பயம் இப்போது இரண்டு கட்டிலில் கிடக்கிறது.

“சுகந்தி உன்கிட்ட ஒண்ணு காட்டச் சொல்லுச்சும்மா. அதுவே நர்ஸ்கிட்டச் சொல்லி எடுத்துச்சு” என்று போனை நீட்டினான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டிலோரம் தொங்குகிற மூத்திரப் பை. முக்கால்வாசி நிறைந்து, வெயிலில் வைத்த தேன் மாதிரி. பக்கத்தில் சுகந்தியின் கை, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

“என்னம்மா இது, இதையெல்லாமா போட்டோ எடுக்கும்? அழிச்சிரவா?” என்றான்.

“கை வச்ச, தொலைச்சிருவேன்” என்றேன். தையல் இழுத்தது. “பெருசா பிரிண்ட் போட்டு ஆல்பத்துல ஒட்டு. நானும் அவளும் சேர்ந்து இருக்கிற படம் இது ஒண்ணுதான் இருக்கு.”